இருவருக்கான பெட்டி

புடிஷினில் உறைபனி.
வரைபடத்தில் தேடுகிறவர்கள் பௌட்சன் என்று தேடவும்,
ஊருக்கே இங்கு மொழிபெயர்ப்பு உண்டு.
நள்ளிரவோடு வரிகள் பூட்டப்படும் என்கிறது தலைமைக் குழுவின் மடல்.
சோர்பிய மொழி: தொண்ணூற்றொன்பது விழுக்காடு.
மிச்சம் ஒரு பொத்தான்.

என் பெயருக்குப் பக்கத்தில்
ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருக்கிறது.
அதாவது,
'சேவ்' என்பதற்குக் களஞ்சியத்தில் சேர்க்கிற சொல்லை
ஹாண்ட்ரி போடுவான்;
மெர்ச்சின் அதை அழித்துவிட்டுப்
பத்திரமாய் வைத்திருக்கிற சொல்லைப் போடுவான்;
நான் இருவருக்கும் நன்றி எழுதிவிட்டு
எதையும் ஏற்காமல் தூங்கப் போவேன்.

'ஓப்பன்' வந்தால் இன்னும் மோசம்.
திற என்கிறதா, திறந்து கிடக்கிறது என்கிறதா?
நிரல் எழுதியவரைக் கேட்டேன்.
பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது:
இரண்டும்தான்,
கூடவே ஒரு மஞ்சள் சிரிப்பு.

அவர்களுக்கு ஒரு கோப்பு, இல்லையென்றால் பல கோப்புகள்.
கணக்கு முடிந்தது.
எங்களுக்கு நான்கு பெட்டி வேண்டும்.
ஒன்றுக்கு ஒன்று.
மூன்று நான்குக்குச் சேர்த்து ஒன்று.
ஐந்திலிருந்து எவ்வளவானாலும் ஒன்று.
நடுவே, இரண்டுக்கென்றே ஒன்று.
இரண்டு எங்களிடம் பன்மையில் சேராது.
இரண்டு பேர் நடந்தால், சிரித்தால், கோபித்துக்கொண்டால்
வினைச்சொல்லுக்கே வேறு வால் முளைக்கும்.

யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்டார்கள்.
மூன்று குளிர்காலம் மடல் எழுதினேன்.
அந்தப் பெட்டி கிடைத்த இரவு
ஹாண்ட்ரி ஒரு போத்தலைத் திறந்தான்.
திற: வினைச்சொல். ஐயமே இல்லை.
அப்போதெல்லாம் அவன்
என் சமையலறை மேசையில்தான் மொழிபெயர்ப்பான்.
இப்போது லைப்சிக்கிலிருந்து.

பதினொன்றே முக்கால்.
அந்தப் பொத்தானின் வரியைத் திறக்கிறேன்.
திரையின் மேல்மூலையில்
நாங்கள் மொழிபெயர்த்த கருவி
நாங்கள் எழுதிய வாக்கியத்தை எங்களுக்கே நீட்டுகிறது:
இந்த வரியை நீங்கள் இருவரும் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.
வினையின் நுனியில் அந்த வால்,
வேறெந்த எண்ணுக்கும் ஒட்டாதது.

அவனும் பார்த்திருப்பான்.
நான் எதுவும் தட்டவில்லை.
அவனும் தட்டவில்லை.
ஒரே சொல்லுக்கு முன்னால் ஒரு கர்சர்,
பின்னால் ஒரு கர்சர்,
மாறி மாறிக் கண் சிமிட்டின.
இரண்டு நிமிடம் இருக்கலாம்.

ரயில்பெட்டித் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் முடிந்து
மெர்ச்சின் உள்ளே வந்தான்.
வாக்கியம் சட்டென்று
மூன்று நான்குக்கான பெட்டிக்குத் தாவியது.
பிழையே இல்லை.
நாங்கள் கேட்டபடிதான் வேலை செய்கிறது.

வந்தவன் வேறெங்கோ ஒரு காற்புள்ளியை நகர்த்தினான்.
பொத்தானில் மறுபடி தன் சொல்லைப் போட்டான்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு
களஞ்சியத்தை ஏற்றுக்கொண்டேன்.
காரணம் என்ற கட்டத்தை
வெறுமையாக விட முடியாது.
எழுதினேன்:
முந்தைய பதிப்பில் இருந்தது இதுதான்.