ஏழாம் எண் கிணறு

இரும்பு மூடியைத் திருகுகிறாள் டீயு.
கருவிக்கு முன்பே
மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

நாடாவின் நுனியில் இறங்கும் முனை
எண்ணெயைத் தொட்டால் விடாமல் ஊளையிடும்,
நீரைத் தொட்டால் விட்டுவிட்டுக் கூவும்.
இரண்டுக்கும் நடுவே
இன்று நாலு மில்லிமீட்டர்.
அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம்
ஒரு முழம் இருந்தது.

எஸ்தோனியாவின் இந்த ஓடுதளத்தில்
கடைசி விமானம் எழும்பி முப்பது பனிக்காலம்.
சிந்தியவர்கள் விலாசம் வைத்துப் போகவில்லை.
மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்தவர்
மண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வேலிக்கு அப்பால் எண்டெல்
கான்கிரீட் போட்டு மூடிய தன் கிணற்றின்மேல் உட்கார்ந்து
லாரித் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடிக்கிறார்.
"எப்போது?" என்று கேட்பதில்லை இப்போதெல்லாம்.
"எவ்வளவு?" அதோடு சரி.

போன இலையுதிர்காலத்தில் ஊளை நின்றது.
பம்பை நிறுத்தினார்கள், கேக் வெட்டினார்கள்,
எண்டெல் புது வாளி வாங்கினார்.

பனி உருகியது.
நிலத்தடி நீர் ஏற ஏற
மணல் இடுக்குகளில் பதுங்கியிருந்ததெல்லாம்
பழைய பாக்கி கேட்க வந்தவனைப்போல
வாசலில் வந்து நின்றது.

மறுபடி மண்ணுக்குள் காற்றை ஊதுகிறார்கள்.
இருட்டில்
கண்ணுக்குத் தெரியாத வாய்கள்
தின்கின்றன, பெருகுகின்றன.
அவற்றுக்குக் கூலி இல்லை. அவசரமும் இல்லை.

குளிரில் பேனா எழுத மறுக்கிறது.
டீயு வேலிப் பக்கம் திரும்பி
கையுறையைக் கழற்றி
நாலு விரலை உயர்த்துகிறாள்.

எண்டெல் தலையசைக்கிறார்.
புது வாளியில்
உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டு
உள்ளே போகிறார்.