மூன்றாம் வரிசை, ஏழாம் கல்

போத்தனூர் கல்லறைத் தோட்டத்துக்குள்
முதலில் வாளியை இறக்குவேன், பிறகு செருப்பை.
ஆசிட் கொண்டுபோக மாட்டேன்.
எனக்கு முன்னால் வந்தவன்
கக்கூஸ் கழுவுவதை ஊற்றிப் பளிச்சென்று காட்டிக்
காசு வாங்கிப் போனான்.
அவன் தொட்ட பளிங்கைத் தடவிப் பாருங்கள்,
சர்க்கரையாக விரலோடு வரும்.

நான் திருப்பூரில் பதினோரு வருஷம்
பனியன் கம்பெனியில் கறை எடுத்தவள்.
கன் பிடித்து எண்ணெய்ப் புள்ளியைத் துரத்துவேன்,
துணிக்கு நோகாமல்.
பீஸுக்கு நாற்பது பைசா.
எந்த நாட்டுத் தோளில் ஏறினவோ அதெல்லாம்!
இப்போது அங்கிருந்தே கேட்கிறார்கள்,
எங்கள் கல்லைத் துடைத்துத் தர எவ்வளவு ஆகும் என்று.
ஆயிரத்து எண்ணூறு.
ஈய எழுத்து உதிர்ந்திருந்தால் அது தனிக் கணக்கு.
வேலை ஒன்றுதானுங்க:
மேலே இருப்பது போகணும்,
அடியில் இருப்பது போகக்கூடாது.

பெர்த்திலிருந்து மெரில் அம்மா அனுப்பிய குறிப்பு:
கேட்டிலிருந்து மூன்றாம் வரிசை, ஏழாம் கல்.
ஈ. பெரேரா. ரயில்வே. என் தாத்தா.

எண்ணினேன்.
ஏழாவதில் கல்பாசி அப்பிக் கிடந்தது.
குருமாவில் போட்டால் தெருவே மணக்கும்,
பேர் மேல் ஏறினால் பேரையே தின்னும்.
தண்ணீர் விட்டு ஊறப்போட்டு,
மூங்கில் சீவலால் எழுத்தின் பள்ளத்தில் மட்டும் நடந்து,
உடைந்த பீரோக் கண்ணாடியை ஓரமாகப் பிடித்து
வெயிலைச் சாய்த்து அனுப்பினேன்.
முதலில் ஒரு ஈ.
அப்புறம் பாசி.
அப்புறம் பெரேரா. கீழே ரயில்வேயில் பாதி.
போதும் என்று நினைத்தேன்.

மருந்து தெளித்துவிட்டு வீடியோவில் காட்டினேன்.
அங்கே இருட்டிவிட்டிருந்தது.
மெரில் அம்மா போனைத் தொட்டார்,
திரை முழுக்க ஒரு விரல்.
அழுதார்.
நான் இன்னொரு தரம் பிரஷ் வைத்ததும்
அவரிடம் மிச்சமிருந்த தமிழ் வெளியே வந்தது:
"மெல்ல, மெல்ல."

இந்த மருந்துக்கு அவசரம் கிடையாது.
தெளித்துவிட்டு வந்துவிடணும்,
மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.
பதினெட்டு நாள்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு ரெண்டு சாரல்.
போய் நின்றால்
பல் விளக்கியது போலக் கல் சிரிக்கிறது:
எர்னஸ்ட் பெரேரா.

மெரில் அம்மாவின் தாத்தா எட்வின்.

குழி வெட்டும் சென்னியப்பனைக் கேட்டேன்.
"கேட்டுங்களா?
ரோட்டை அகலம் பண்ணறப்ப
இக்கட்டால நவுத்திப்போட்டாங்கல்லோ.
பழசு அக்கட்டால, வேப்பமரத்துகிட்ட."
சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்,
இதெல்லாம் ஒரு விசயமா என்பதுபோல.

வேப்பமரத்திலிருந்து எண்ணினேன்.
மூணு. ஏழு.
கோரைப்புல்லுக்குள் ஒருக்களித்து எட்வின்,
தலைமேல் ஓணான்.

எண்ணெய்க் கறை தெரியும், துருக் கறை தெரியும்,
நூல் ஓட்டத்தோடு வந்த கறையும் தெரியும்.
ஒரு கல்லில் விழுந்த அழுகையை எடுத்து
இன்னொரு கல்லில் வைக்க
எந்தக் கன்னும் இல்லை எங்கள் கம்பெனியில்.

எட்வினை மூன்று நாள் கழுவினேன். காசில்லை.
சாய்ந்த கல்லை நிமிர்த்தச் சென்னியப்பனுக்கு
என் கையிலிருந்து முந்நூறு.
சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது.
யாருக்குத் தெரியப்போகுது?
மூன்று தரம் அடித்து அழித்து
நாலாம் தரம் அனுப்பினேன்:
அம்மா, இவர்தான் உங்க தாத்தா.
அன்னைக்குப் பார்த்தது வேற ஆளுங்க.
பழைய பணத்தைக் கழிச்சுக்கலாம்.

ரெண்டு நாள் நீல டிக் மட்டும்.
எனக்குச் சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் விடிய ஒரு வரி:

அந்த எர்னஸ்டுக்கு எத்தனை வயது?

பார்க்கவில்லையே நான்.
வயது இருக்கும் வரி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது.

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.