முக்கால் அங்குலம்

எழுபத்தொன்பதில் குடியாத்தத்திலிருந்து
அண்ணனோடு பஸ் ஏறி வேலூரில் இறங்கினேன்.
மூன்று வயதில் வந்த காய்ச்சல்
இடது காலை மட்டும் வளர விடவில்லை.
டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
மடியில் ரப்பர்த் தூளோடு உட்கார்ந்திருந்தவரிடம் நீட்டினோம்.

வாங்கினார், படிக்கவில்லை.
"அந்த லைட் கம்பம் வரைக்கும் நடந்துட்டு வாம்மா."
டீக்கடையே பார்த்தது.
பெண் பார்க்க வந்த நாலு குடும்பம்
காபி ஆறுமுன் எழுந்துபோன நடை அது.
இவர் முகத்தைப் பார்க்கவில்லை,
குதிகாலைப் பார்த்தார். பிறகுதான் சீட்டைப் பிரித்தார்.
"முக்கால். சரியாத்தான் எழுதியிருக்காரு,"
டாக்டருக்கு மார்க் போடுகிறவர் மாதிரி.

ஜோடி நாற்பத்தைந்து ரூபாய். அண்ணனிடம் முப்பதுதான் இருந்தது.
மீதி பதினைந்தை வசூலிக்கக் குடியாத்தத்துக்கே வந்தார்,
தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

நல்லவர்தான்; சுலபமானவர் என்று சொல்ல மாட்டேன்.
என் காய்க்கத்தியில் ரப்பர் சீவிவிட்டு
நான் இல்லை என்பார், கத்தி நாறும்போதே.
ஈஸ்டர் ஆராதனையில் குறட்டை விடுவார்.
ஜெபமணி ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேர்ந்தபோது
மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.
"ஆயிரம் ஜோடியும் ஒரே அளவாம்டி,
யாருக்குடா ரெண்டு காலும் ஒரே அளவு?"
நாலாம் மாதம் சொல்லாமல் போய்ச் சுற்றிப் பார்த்தார்.
"அந்தப் பசை நல்லா பிடிக்குது,
வரும்போது ஒரு டின் எடுத்தா,"
அதோடு சண்டை தீர்ந்தது.

வங்காளத்திலிருந்து வருகிறவர்களிடம்
வலிக்கிறதா என்று அவர்கள் பாஷையிலேயே கேட்பார்.
என்னிடம் கேட்டதே இல்லை.
அடுப்படியில் நான் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறேன் என்று
வாசலில் நின்று பார்ப்பார்.
இரண்டு நாள் கழித்து, "சோல் தேஞ்சிடுச்சு, குடு."
அத்தனை சீக்கிரம் எப்படித் தேயும் என்று
நானும் ஒருநாளும் யோசிக்கவில்லை.

தை மாதம். ராத்திரி இரண்டு இட்லி தின்றார்,
சட்னியில் உப்பில்லை என்றார்.
விடியும்போது இல்லை.

அன்று செருப்பு தேடத் தோன்றவில்லை எனக்கு.
கல்லறைத் தோட்டம் வரைக்கும் வெறுங்காலோடு போனேன்.
நாற்பத்து நாலு வருஷம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த கமலியம்மாள்
"உனக்கு எப்பருந்து கால் இப்படி?" என்று
அழுகைக்கு நடுவில் கேட்டாள்.
பலகையில் ஏசடியான், வயது எழுபத்தாறு என்று எழுதியிருந்தார்கள்.
நான் வாய்விட்டுச் சொல்லாத பேரை
ஐயர் மூன்று தரம் சொன்னார்.
மண் போடக் குனிந்தபோது இடது பக்கம் சரிந்தேன்.
பீலா பிடித்துக்கொண்டாள்.

கடையை அவள்தான் பத்து வருஷமாக நடத்துகிறாள்.
அளவு நோட்டை எடுத்து வந்தாள்,
எனக்கென்று தனிப் பக்கம், பென்சிலில்:

சு. இடது. 79 — முக்கால்.
84, பீலா பிறந்த பின் — ஏழு நூல்.
2006 — ஒரு அங்குலம்.
போன ஆடி — ஒரு அங்குலம், ஒரு நூல்.

கேட்டவர்களுக்கெல்லாம் முக்கால் என்றுதான்
இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.
என் இடுப்பு இறங்க இறங்க
சத்தமில்லாமல் தரையை ஏற்றி வைத்திருக்கிறார் மனுஷன்.
ஒவ்வொரு வரிக்கும் எதிரே, வலது ஓரத்தில்,
பாக்கி 15. பாக்கி 15. பாக்கி 15.

"நட, பார்க்கலாம்" என்றாள் பீலா.
கூடத்திலிருந்து கொல்லைக் கதவு வரை நடந்தேன்.
அவளும் முகத்தைப் பார்க்கவில்லை.
சுருக்குப்பையிலிருந்து ஒரு பத்தும் ஒரு ஐந்தும் எடுத்து
நோட்டின் மேல் வைத்தேன், கணக்கை முடி என்று.
காசை என் பக்கமே தள்ளிவிட்டு
தேதி போட்டாள், அளவு எழுதினாள்,
பென்சிலை நக்கிக்கொண்டு
பாக்கி 15 என்றும் எழுதினாள்.