பதில் கடிதம்

பெரியகல்லாற்றில் காணிக்கை எண்ணுகிறேன்.
எமில்டா நண்டு விற்ற நோட்டு
இன்னும் ஈரம்,
வாவி மணம்.

உறையின்மேல் பென்சிலால்
"வாய் திறக்காமல் பாடுறவங்களுக்கு."

நாட்டின் பெயரைப் போதகர் சொல்லவில்லை.
எழுதியவனுக்கு ஆபத்தாம்.
குழாயைத் திறந்துவிட்டுத்தான் ஜெபிப்பார்களாம்,
தண்ணீர்ச் சத்தத்துக்குள்.

எங்கள் பாடகர் குழுவுக்கு
மைக் இரைகிறதென்று
விடிந்ததிலிருந்து சண்டை.

'இங்கே சுதந்திரமாக' என்று எழுதப்போன பேனா
கொஞ்சம் நின்றது.
வாசலில் பைகளைச் சோதிக்கிற பொடியன்
ஓர் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்தவன்,
இன்னும் போகவில்லை.

மறுகா தொகையை மட்டும் எழுதினேன்:
நாலாயிரத்து முந்நூறு.

யன்னல்கள் திறந்தே கிடக்கின்றன.
தென்காற்றில் மருதமுனை வாங்கு
உள்ளே வருகிறது.
எமில்டாவின் கட்டைக்குரல்
தெருமுனை தாண்டிப் போகிறது,
சுருதி கொஞ்சமும் இல்லாமல்.