ஒன்பது நிமிடம்

எத்தனை பேர் கேட்கிறார்கள்?
படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்.
திங்கட்கிழமை நிதிக்குழு.
உரிமம் புதுப்பிக்க, டிரான்ஸ்மிட்டர் விசிறியை மாற்ற,
பெர்சிஸின் நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுக்க
அந்தக் கட்டத்துக்குள் ஓர் எண் வேண்டும்.

எண் இல்லாமல் இல்லை.
நாற்பத்தோராயிரம்.
போன மாதம் சிறுநீரகக் கல் நிகழ்ச்சியின் நடுவே
ஸ்டூடியோவுக்குள் ஒரு பூனை வந்து
டாக்டர் மடியில் உட்கார்ந்துகொண்டது.
அவர் அதை நகர்த்தாமலே பேசி முடித்தார்.
பெர்சிஸ் பதினெட்டு நொடி ரீல் போட்டாள்.
ஷார்ஜாவிலிருந்து இதயம், ஓசூரிலிருந்து இதயம்,
பூனைக்குப் பெயரென்ன என்று நானூறு பேர்.
கல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுடையது ஐம்பது வாட்.
நூலக மாடிக் கம்பத்தில் ஏறி
வடக்கே டோல்கேட் வரை போகும்.
மேற்கே வியாசர்பாடிப் பாலத்தடியில் இரைந்து அறுந்துவிடும்.
கிழக்கே, கடல் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு.

"ரேடியோவை மூடிட்டு சேனலாவே நடத்தலாமே மேடம்,
செலவு மிச்சம்" என்கிறார் பர்சார்.
தப்பில்லை, கணக்கு அவர் பக்கம்தான்.
அவர் திரையில் வயது, ஊர், பார்த்த நொடி எல்லாம்
காசிமேட்டுத் தார்ப்பாயில் கருவாடுபோல்
தனித்தனியாகக் காய்கிறது.
என்னிடம் ஒரு நீல நோட்டு.
கடைசிக் குறிப்பு ஜூலையில்:
'ஜைத்தூன், மாவு மிஷின், தண்டையார்பேட்டை.
மிஷின் ஓடினால் கேட்காதாம்.
கரண்ட் போனால் கேட்பாராம்.'

சனிக்கிழமை நாலு இருபதுக்கு
காற்றின் வேகமும் ஐஸ் விலையும்
வாசித்துக்கொண்டிருந்தாள் பெர்சிஸ்.
நான் பின்னறைக்குப் போய் டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

முதல் நிமிடம் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் கண்டெய்னர் லாரிகள்.
மூன்றாவதில் வெட்கமில்லாமல் ரீலைத் திறந்தேன்.
பன்னிரண்டு இதயம் கூடியிருந்தது.
நாலாவதில் லேண்ட்லைன்.

"இன்னாமா, பாதில நிறுத்திட்டீங்கோ?
காத்து எவ்ளோனு சொல்லு,
எம் மச்சான் கடலுக்குள்ள கீறான்."
சொன்னேன். கை நடுங்கியது. நோட்டில் எழுதினேன்.
அடுத்து ஐஸ் ஃபேக்டரி.
அடுத்து ஜைத்தூன். அங்கே கரண்ட் இல்லை போல.
பெயர் சொல்லாத பரோட்டா மாஸ்டர் ஒருவர்,
"பாட்டு போடாட்டியும் பரவால்ல, பேசிக்கினு இரு."
ஒருவர் பேசவேயில்லை. மூச்சு மட்டும்,
மூச்சுக்குப் பின்னால் எங்கள் அலைவரிசையின் வெற்றிரைச்சல்.
அவரையும் எழுதினேன்.
இன்னும் இரண்டு பேர் ஒரே நேரத்தில். ஒருவர் காத்திருந்தார்,
மற்றவர் வைத்துவிட்டார்.

ஒன்பதாவது நிமிடம் சுவிட்சைப் போட்டேன்.

"போன் லைட்டு மின்னிக்கிட்டே இருந்துச்சே அக்கா,
யாரு?"
பேச்சை மாற்றினேன்.
"காற்றை இன்னொரு தடவை வாசி. மெதுவாக."

கட்டத்தில் பென்சிலால் ஏழு போட்டிருக்கிறேன்.
வலப்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது,
நாலு சைபர் தாங்கும்.
நாளை ஞாயிறு.
இன்னும் மை ஊற்றவில்லை.