ஒன்பதாவது குழியில் ஓர் ஆடு

மரமே இல்லாத தீவு இது.
ஒதுங்க இடமில்லாத காற்று
எங்கள் மேலேயே வந்து ஏறிக்கொள்ளும்.
கடைசிப் படகு கரை சேர்ந்ததும்
எண்ணெய்க் கறை போகாத கையோடு
ஒரே ஒரு வெட்ஜும் நான்கு பந்துமாக
மைதானத்துக்கு நடப்பேன்.
ஷெட்லாந்தின் ஜூன்.
இரவு பதினொன்றுக்கும்
செய்தித்தாள் படிக்கலாம்.

சிப் ஷாட்தான் என் வியாதி.
இருநூறு கஜம் அடிக்கத் தெரிந்தவளுக்கு
இருபது கஜம் வராது.
ஒன்று, மண்ணை வெட்டிச் சேற்றை அள்ளுவேன்.
இல்லையென்றால் பந்தின் நெற்றியில் பட்டு
அது முயல்போல கிரீனைத் தாண்டி ஓடி
வேலிக்கு அப்பால்
ஜேமிசனின் உருளைக்கிழங்குப் பாத்தியில் விழும்.
அவருக்கு வருடத்தில் இரண்டு அறுவடை:
கிழங்கு ஒன்று, என் பந்துகள் ஒன்று.

அபர்டீனில் காசு கொடுத்து
ஒரு மணி நேரம் கற்றும் பார்த்தேன்.
நல்ல மனிதர். ஏழு விஷயம் சொன்னார்.
ஏழும் சரி.
ஒரே நேரத்தில் ஏழும் சரியாக இருந்ததுதான் தொல்லை.

அன்றிலிருந்து
பந்தருகே நின்றால் போதும்,
தலைக்குள் கமிட்டி கூடிவிடும்.
எடை இடது காலில், என்கும் ஒரு குரல்.
கை பந்துக்கு முன்னால், என்கும் இன்னொன்று.
மணிக்கட்டை மடக்காதே.
தலையைத் தூக்காதே.
மூச்சை விடு. இல்லை இல்லை, பிடி.
இவ்வளவையும் கேட்டுக்கொண்டு
என் கைதான் என்ன செய்யும், பாவம்?
வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பப்பட்ட பிள்ளைபோல
எழுந்து நின்று உளறும்.

இதே கைதான்
நாளைக்குப் பதினெட்டு முறை
படகின் முனையிலிருந்து கயிறு எறிகிறது.
காலுக்குக் கீழே ஆடும் தளம்,
முகத்தில் குறுக்கே அடிக்கும் மழை,
துறையில் சிகரெட்டோடு டேவி ஐஸ்பிஸ்டர்.
முழங்கை எந்தக் கோணத்தில் என்று
ஒருநாளும் கேட்டதில்லை நான்.
டேவியின் கை தெரியும்.
அதில் கயிறு இருக்கும்.
அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது
கிளப்பின் கணக்கு பார்க்கும் ரோடா சிரித்தாள்.
அப்படியானால் கொடியை டேவி என்று நினைத்துக்கொள், என்றாள்.
நினைத்தேன்.
கொடி சிகரெட் பிடிக்கவில்லை.
பந்து கிழங்குக்குப் போனது.

நேற்று ஒன்பதாவது குழியில்
எனக்கும் கொடிக்கும் நடுவே ஓர் ஆடு.
குட்டியை அணைத்துப் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
கை தட்டினேன். பார்த்தது. மென்றது.
எங்கள் கிளப்புக்கு வயது நாற்பது,
அதன் வம்சம் இங்கே மேய்வது
யாரும் கணக்கு வைக்காத காலமாக.
ஆகவே அது எழவில்லை.

தாழ்ந்த வெயில் குட்டியின் பின்னாலிருந்து வந்தது.
ஒரு காது மட்டும் திரும்பியது.
உள்ளே இளஞ்சிவப்பு,
அதில் மயிரிழைபோல ஒரு நரம்பு.
அந்தக் காதில் பட்டுவிடக் கூடாது.
நினைப்பு என்று ஏதும் இருந்திருந்தால்
அது ஒன்றுதான்.
கமிட்டி எப்போது கலைந்தது,
நான் எப்போது கையை ஓங்கினேன்,
தெரியாது.
தீக்குச்சி உரசியதுபோலப் புல்லில் ஒரு சத்தம்.
பந்து எழும்பி
ஆட்டின் முதுகுக்கு மேலே கொஞ்சம் நின்று
இறங்கி, உருண்டு,
கொடிக்கம்பில் சாய்ந்துகொண்டது.
ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எப்படி அடித்தாய், இங்கா?
வேலிக்கு அப்பாலிருந்து ஜேமிசன்,
குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.
சும்மா, என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது
அந்தச் சொல்.

இன்றும் போனேன்.
அதே இடம், அதே வெயில்.
ஆடு வேறெங்கோ மேயப் போயிருந்தது.
பந்தை வைத்துக் குனிந்ததும்
குட்டியின் காதை நினைத்துக்கொள்,
என்றது தலைக்குள் ஒரு குரல்.
கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்.

பாத்தியில் இரண்டு பந்து.
மூன்றாவதை எடுத்தேன்.
மேலே ஒரு கடற்பறவை
யாரையோ திட்டிக்கொண்டே போயிற்று.
அது போகும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளிச்சம் இன்னும் நிறைய இருக்கிறது.