கொடியில் விழுந்தவை

அன்று வெள்ளிக்கிழமை. மேல்காற்று.
பாதிரியார் வீட்டுப் படுக்கை விரிப்புகள் ஏழு
கொடியில் கிடந்தன.
டப்ளின் பக்கம் ஒரே ஒரு வெடி.
ஹௌத் துறையில் மீன்கூடைகள் குலுங்கின.
கொஞ்ச நேரத்தில்
வானத்திலிருந்து காகிதம் விழுந்தது.

கோர்ட்டில் அடுக்கி வைத்திருந்த
எழுநூறு வருஷமாம்.
நம் பையன்களை நம் பையன்களே சுட்டதில்
பறந்து வருகிறதாம்.
செதிள் ஒட்டிய கையோடு வந்து
டார்மட் கீரன் சொன்னான்.
எந்தப் பக்கம் கொளுத்தியது என்று
நான் கேட்கவில்லை.
எனக்கு இரண்டு மகன்கள்,
பக்கத்துக்கு ஒருவன்.

வரிசை கெட்டு வந்தது எல்லாம்.
முதலில் யாரோ ஒரு செருப்புக்காரனின் உயில்.
பிறகு கன்றுத்தோலில் லத்தீன்,
சூட்டில் அப்பளம்போல் சுருண்டு.
பஞ்சத்து வருஷத்துத் தலைக்கணக்கு:
ஒன்பது என்று எழுதி, அடித்து,
இரண்டு.

விரிப்பு முழுக்கக் கரி.
மறுபடி வெளுக்க வேண்டும்.
அதற்குத்தான் முதலில் அழுதேன்.

குளிர்காலத்தில் அரசாங்கம்
(எந்த அரசாங்கம் என்று கேட்காதீர்கள்)
பொறுக்கியதைத் திருப்பிக் கேட்டது.
முப்பத்தொரு துண்டு கொடுத்தேன்.
ரசீது எழுதினார்கள்.
பெரியவன் பெயர் கேட்டார்கள், சொன்னேன்.
சின்னவன் எங்கே என்றார்கள்.
அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று
எழுந்துவிட்டேன்.

ஒரு துண்டு மட்டும்
மாவு டப்பாவின் அடியில் இருக்கிறது:
“... விதவை. சிவப்புப் பசு ஒன்று,
இடக்கொம்பு ஒடிந்தது.
தர மறுத்தாள். மறுநாளும்”

அதற்குமேல் தீ தின்றுவிட்டது.
பசுவை ஓட்டிக்கொண்டு போனார்களா,
எந்த ராஜா காலம், எந்த ஊர்,
ஒன்றும் தெரியாது.
மாவு அள்ளும்போதெல்லாம்
அவள் வாசலில் நிற்கிறாள்,
கயிற்றை விடாமல்.